கிளிநொச்சி ரவுணில் சைக்கிளை எப்படிப் பூட்டிவிடுவது? பூட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்

வட்டக்கச்சிக்காரி:

போன வெள்ளிக்கிழமை என்னுடைய சைக்கிள் களவு போய்விட்டது. பூட்டித்தான் விட்டிருந்தேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில், கடையில், பொலிசில், மூலைக்கடை ஆச்சி வரைக்கும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "பூட்டினனீயோ?" என்பதுதான். பூட்டினேன். திறப்பு இப்போதும் என் கைப்பைக்குள் கிடக்கிறது. சைக்கிள்தான் இல்லை.

ரவுணில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. வட்டக்கச்சியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் வரும். பஸ் இருக்கிறது, ஆனால் அதை நம்பினால் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தச் சைக்கிளை வாங்கியது 2022இல், பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்த காலம். பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்து கிழமைக்குக் கொஞ்சமாவது கிடைக்கத் தொடங்கும் வரைக்கும் தம்பியின் மோட்டார் சைக்கிள் மாட்டுக் கொட்டிலில் கோழிக்குப் படுக்கையாக நின்றது. சீட்டு எடுத்த காசில் 58,000 ரூபா கொடுத்து லுமாலா ஒன்று வாங்கினேன். லேடீஸ் சைக்கிள், நாவற்பழ நிறம், முன்னுக்குக் கூடை. அந்த வருடம் சைக்கிள் விலை ஏறின ஏற்றம் உங்களுக்குத் தெரியும்தானே.

கடைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. மதில் ஓரத்தில் வேப்பமர நிழல். நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் விடுவது. பன்னிரண்டரைக்குக் கூடைக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கப் போனேன், நின்றது. ஒன்றேகாலுக்குக் கை கழுவப் போனேன், இல்லை. பூட்டியிருந்தது பின்சில்லுப் பூட்டால், அதுதான் சைக்கிளோடு வரும் வளையப் பூட்டு. மணலைப் பார்த்தேன். பின்சில்லு உருளாமல் இழுபட்ட கோடு பன்னிரண்டு அடி நீளத்துக்கு நேராகக் கிடந்தது. அதற்குப் பிறகு கோடு இல்லை. கோடு முடிந்த இடத்தில் அகலமான ரயர் அடையாளம். ஆட்டோவோ சின்ன லொறியோ, எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த ஆத்திரம் சைக்கிள் போனதற்கு வந்ததை விடக் கூட. என் கண் முன்னால் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். பிரேம் நம்பர் கேட்டார்கள். சைக்கிளுக்கு அப்படி ஒரு நம்பர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பற்றுச்சீட்டு எங்கே என்றார்கள். அது வெள்ளத்தில் நனைந்து, காய வைத்து, பிறகு எலி தின்றது. நிறமும் கூடையும் சொன்னேன். எழுதினார்கள்.

இப்போது மாமி வீட்டில் சும்மா நின்ற சைக்கிளை எடுத்து ஓடுகிறேன். மீள்குடியேறி வந்தவர்களுக்கென்று இந்தியா 10,000 சைக்கிள் கொடுத்ததே, அதில் ஒன்று என்று மாமி சொல்லுவா. கறுப்பு, எருமை மாதிரிப் பாரம். ஆனால் இதையும் பறிகொடுத்தால் மாமியின் வாய்க்குத் தப்ப முடியாது.

ஆகவே கேட்கிறேன். எந்த மாதிரிப் பூட்டு வாங்கினால் உண்மையில் பிரயோசனம்? எதோடு சேர்த்துப் பூட்டுவது? ரவுணுக்குள் காலையிலிருந்து மாலை வரை விட்டுவைக்க எந்த மாதிரி இடம் நல்லது? பாவித்த சைக்கிள் ஒன்று மலிவாக வந்தால் அது களவுச் சைக்கிளோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (15,000க்கு ஒன்று இருக்கிறதென்று ஒருவர் சொன்னார். விலையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.)

ஒரு வேண்டுகோள். "புலிகள் இயக்கம் இருந்த காலத்தில் சைக்கிளுக்குப் பூட்டே தேவைப்படவில்லை" என்று மட்டும் யாரும் பதில் போட வேண்டாம். ஒரு கிழமையாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

---

பரந்தன் சந்தி:

தங்கச்சி கோவிக்கக்கூடாது, ஆனால் அந்தக் காலத்தில் உண்மையிலேயே...

சரி சரி, விட்டுவிட்டேன்.

பூட்டு வாங்கும் வரைக்கும் ஒன்று செய்யுங்கோ. கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தியின் சைக்கிளையும் உங்களுடையதையும் தலைமாடு கால்மாடாக ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேமையும் ஒரே சங்கிலியால் கட்டிவிடுங்கோ. ஒரு சைக்கிளைத் தூக்கலாம். ஒன்று அங்காலையும் ஒன்று இங்காலையும் பார்த்தபடி இருக்கிற இரண்டைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது வில்லங்கம், ஹான்டில் இரண்டும் எங்கேயாவது மாட்டும். நாங்கள் தண்ணீர்ப்பந்தல், திருவிழா என்று போனால் நாலைந்து பேர் இப்படித்தான் கட்டுவது. ஒரே கரைச்சல், திறப்பு வைத்திருப்பவன் கடைசியாகத்தான் வருவான்.

---

சில்லுக்கடை:

பிள்ளை, நான் முரசுமோட்டைப் பக்கம் முப்பத்தைந்து வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவன். மகன்தான் இதை வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். எழுத்துப் பிழை அவனுடையது.

முதலில் அந்தப் பின்சில்லுப் பூட்டு. கடைக்குள் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வருகிற நேரத்துக்கு அது போதும். யாராவது பெடியன் ஏறி ஓடாமல் இருக்கத்தான் அது. தூக்குகிறவனுக்கு அது என்ன செய்யும்? இன்னொன்று பலருக்குத் தெரியாது. மலிவான வளையப் பூட்டுக்குள் இருப்பது மெல்லிய தகடு மூன்று நாலு. அந்தத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கினாலும் கொஞ்ச வகைத் திறப்புத்தான் வரும். அதனால் ஒருவரின் திறப்பு இன்னொருவரின் பூட்டுக்குச் சேரும். என் மேசை லாச்சிக்குள் ஒரு கம்பி வளையத்தில் நாற்பது ஐம்பது பழைய திறப்புக் கோர்த்து வைத்திருக்கிறேன். திறப்பைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களின் பூட்டை நான் எடுத்த உடனே உடைப்பதில்லை. வளையத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே திறந்துவிடும். அவர்கள் சந்தோசமாகப் போவார்கள். எனக்குத்தான் யோசனை வரும், இப்படி ஒரு வளையம் வேறு யார் கையில் இருக்கிறதோ என்று.

நம்பரைப் பற்றி. இப்போது வைத்திருக்கிற சைக்கிளைத் தலைகீழாக நிறுத்து. பெடல் பூட்டியிருக்கிற அச்சுக் குழாயின் அடிப்பக்கத்தைப் பார். சேறும் கிறீசும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சோக்கட்டியால் தேய்த்தால் வெட்டுக்குள் வெள்ளை நிரம்பி நம்பர் தெளிவாகத் தெரியும். சிலதில் சீற் குழாயில் வெட்டியிருப்பார்கள். போனில் படம் எடுத்து, அதை யாருக்காவது அனுப்பியும் வை. போனும் களவு போகிற காலம்.

அந்த நம்பரை அரத்தால் ராவிவிடலாம். அதனால் ஒரு வேலை சொல்லுகிறேன். சீற்றைக் கழற்றினால் உள்ளே வெறும் குழாய். ஒரு கடதாசியில் பெயரும் போன் நம்பரும் எழுதி, சொப்பிங் பையில் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி உள்ளே இறக்கிவிட்டுச் சீற்றைப் போடு. கள்ளன் ஹான்டிலை மாற்றுவான், கரியரைக் கழற்றுவான், பெயின்ற் அடிப்பான். சீற் குழாய்க்குள் கை விட்டுப் பார்க்கிறவனை நான் இன்னும் காணவில்லை. நாளைக்கு எங்கேயாவது சைக்கிளைக் கண்டு "இது என்னுடையது" என்று சொன்னால், பத்துப் பேருக்கு முன்னால் சீற்றைக் கழற்றிக் காட்டலாம். முந்திச் சைக்கிளுக்கும் லைசன்ஸ் எடுக்கவேண்டும், எங்கள் ஆட்கள் பிரேமின் மேல் கம்பியில் பெயர் எழுதுவித்து ஓடினார்கள். இப்போது பெயர் எழுதினால் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள்.

பாவித்த சைக்கிள் வாங்குவதென்றால் பெயின்றைப் பார். கரியருக்குக் கீழே, செயின் கவருக்குப் பின்னால் ஒரு நிறம், வெளியில் ஒரு நிறம் என்றால் ஏன் என்று கேள். பிரேம் பழசு, முன் போர்க் புதுசு, மட்கார்ட் வேறு கம்பனி என்றால் அது மூன்று வீட்டுச் சைக்கிள். நம்பர் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தால் காசைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடு. களவுச் சாமான் என்று தெரிந்து வாங்கினால் உன்மேலும் வழக்கு வரலாம்.

எனக்கு ஒருதரம் நடந்தது. மைமல் பொழுதில் ஒருவன் நல்ல சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். "ஹான்டிலை மாத்தி, கூடையைக் கழட்டி, வேற சீற் போடுங்கோ" என்றான். மூன்றும் புதுசு மாதிரித்தான் இருந்தது. நான் விலையை வேண்டுமென்றே இரட்டிப்பாகச் சொன்னேன். சரி என்றான். முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் பேரம் பேசாத வன்னி ஆள் ஒருவரையும் நான் கண்டதில்லை. சாமான் இல்லை, நாளைக்கு வா, சைக்கிளை விட்டுவிட்டுப் போ என்றேன். சைக்கிளையும் விடவில்லை, நாளைக்கும் வரவில்லை.

மற்றது, அந்தக் காலக் கதை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை போட்டுப் பெற்றோலும் பற்றரியும் வர விடாத நேரம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில்தான் ரேடியோச் செய்தி கேட்டோம். அப்போது சைக்கிள் நிற்கும், டைனமோ நிற்காது. நான் இரவில் டைனமோவைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தவன். கள்ளன் இல்லாத காலம் என்று ஒன்றும் இல்லை.

---

வட்டக்கச்சிக்காரி:

ஐயா, உங்கள் டைனமோக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம், என்ரையும் ஒண்டு போனதுதான்" என்றார். ஒரு கிழமையாக எனக்குப் பாடம் எடுத்த மனிதர்.

நம்பரை இன்று பின்னேரம் பார்க்கிறேன். சங்கிலி விசயம் யாராவது சொல்லுங்கோ. ஹாட்வெயர் கடையில் அடிக் கணக்கில் வெட்டித் தருகிற சங்கிலியும் ஒரு ஆமைப்பூட்டும் வாங்கினால் போதுமா? கொழும்பிலிருந்து வருகிற வயர் பூட்டு, நம்பர் பூட்டு எல்லாம் சந்தைப் பக்கம் 800, 900க்குத் தொங்குகிறது. வாங்கலாமா?

---

அறிவியல்நகர் மூன்றாம் வருடம்:

அக்கா, நான் இங்கே பொறியியல் படிக்கிறேன். எங்கள் பக்கம் எல்லாருக்கும் சைக்கிள்தான், ஆகவே இது ஆராய்ச்சிக்குரிய விடயம்.

வயர் பூட்டு வாங்க வேண்டாம். வெளியில் தடிப்பாகத் தெரிவது பிளாஸ்ரிக். உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிகள். வேலி அடைக்கிற ஆளிடம் இருக்கிற கம்பி வெட்டும் குறடு போதும், ஒவ்வொரு இழையாகக் கடித்துத் துண்டாக்கிவிடலாம். என் நண்பன் தன் பூட்டின் நம்பரை மறந்துபோய், நாங்களே விடுதி வாசலில் வைத்து வெட்டினோம். நான் நேரம் பார்த்தேன், ஒரு நிமிடம் ஆகவில்லை. அதிலும் அரைவாசி நேரம் சிரித்தோம்.

நம்பர் பூட்டில் மூன்று சக்கரம் என்றால் மொத்தம் 1,000 சேர்க்கைதான். ஒன்றுக்கு 2 விநாடி வைத்தாலும் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு பொறுமையும் தேவையில்லை, மலிவான பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் சரியான இடத்தில் கைக்கே தெரியும்.

ஹாட்வெயர் சங்கிலி வெள்ளிபோல மினுங்கும், ஆனால் மெல்லிரும்பு. இரும்பு வாளால் அரியலாம், நீளக் கைபிடி வைத்த வெட்டியால் ஒரே கடியில் போகும். வாங்க வேண்டியது பதம் போட்ட, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, உருக்குச் சங்கிலி. கண்ணி உருண்டையாக இல்லாமல் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருக்கும், மேலே துணி உறை இருக்கும். கடையில் நின்றே சோதிக்கலாம், சின்ன அரத்தின் மூலையால் ஒரு கண்ணியில் தேய்த்துப் பாருங்கள். மெல்லிரும்பில் அரம் பிடித்துத் தூள் விழும். பதம் போட்டதில் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. நான் வாங்கியது 10 மில்லிமீற்றர், 4,600 ரூபா. பூட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியை விட்டுவிட்டுப் பூட்டை வெட்டுவார்கள்.

அதை விட முக்கியம் எப்படிக் கட்டுவது என்பது. சங்கிலி தொய்ந்து நிலத்தில் கிடந்தால், வெட்டியின் ஒரு கைபிடியை நிலத்தில் ஊன்றி, மற்றதில் ஏறி நிற்கலாம். கள்ளனின் முழுப் பாரமும் வெட்டுகிற இடத்துக்கு வந்துவிடும். அதே சங்கிலி இடுப்பு உயரத்தில் இறுக்கமாக இருந்தால் இரண்டு கையின் பலம் மட்டும்தான். ஆகவே தொய்வு வைக்காதீர்கள். திறப்பு ஓட்டை கீழே பார்க்கட்டும், மழைத் தண்ணீரும் உள்ளே போகாது. சங்கிலி பின்சில்லுக்குள்ளாலும் பிரேமுக்குள்ளாலும் சேர்ந்து போக வேண்டும். முன்சில்லை மட்டும் கட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது முன்சில்லு மட்டும் பத்திரமாக நிற்கும்.

கட்டுகிற தூணையும் ஆட்டிப் பாருங்கள். எங்கள் வளாகத்துக்கு வெளியே ஒரு பெயர்ப் பலகைக் கம்பியில் மூன்று மாதம் கட்டினேன். ஒருநாள் காற்றுக்கு அது சரிந்துவிட்டது. அடியில் கொங்கிறீற்றே இல்லை, மண்ணில் குத்தி வைத்திருந்தார்கள்.

புளூடூத் வில்லை வாங்கி ஒளித்து வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அது பக்கத்தால் போகிற போன்களை நம்பித்தான் தன் இடத்தைச் சொல்லும். ரவுணில் சரிவரலாம். வாய்க்கால் கரைக்குள் கொண்டுபோய் விட்டால் பக்கத்தால் போவது மாடுதான்.

---

மாங்குளத்தான்:

இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் ஒன்பது வருடமாக வீட்டிலிருந்து மாங்குளம் சந்தி வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து ஏ9 வீதி வழியாக வவுனியாவுக்கு பஸ். காலை ஆறேகாலிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை சைக்கிள் ஒரு தேத்தண்ணீர்க் கடையின் பக்கவாட்டில் நிற்கும். ஒருநாளும் வாடகை கேட்டதில்லை. ஆனால் காலையில் ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் எனக்குக் கட்டாயம். பசி இல்லாவிட்டாலும் குடிப்பேன். விரத நாளிலும் வடைக்குக் காசு கொடுத்துவிட்டு வடையை வைத்துவிட்டுப் போவேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு உதவித் திறப்பைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். மார்கழி மழையில் ஒருநாள் திரும்பி வந்தால் சைக்கிள் நின்ற இடத்தில் இல்லை. நெஞ்சு ஒருதரம் நின்றது. மனிதர் அதை உள்ளே தள்ளி, மா மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சீற்றுக்குச் சாக்கும் போட்டிருக்கிறார். உங்கள் ஒழுங்கையின் பிழை, அங்கே உங்கள் சைக்கிள் யாருடையது என்று தெரிந்த கண் ஒன்றும் இல்லாதது. ஒருவன் வந்து தூக்கினால் பார்த்தவர்கள், திருத்தக் கொண்டுபோகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி இருக்கிற வளவுகளில் கயிறு கட்டி, நம்பர் எழுதின மட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹான்டிலில் கட்டி மறுபாதியைக் கையில் தருவார்கள். அவ்வளவு சனத்துக்குள்ளும் விடிய வந்து பாதியை நீட்டினால் சைக்கிள் வரும். ஒருமுறை நான் என் பாதியைத் தொலைத்துவிட்டேன். "கடைசிச் சைக்கிளாக நிண்டா உம்மடைதான்" என்று ஒரு வாங்கில் இருத்திவிட்டார்கள். வெயில் ஏறும் வரைக்கும் இருந்தேன். ஆனால் கிடைத்தது.

ரயிலில் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்த புதிதில், ஸ்டேசன் வேலியில் கட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய் மூன்றாம் நாள் வந்து, சீற் இல்லாமல் நின்றுகொண்டே வீடு வரைக்கும் மிதித்தவன் நான்.

---

வட்டக்கச்சிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுகிறேன்.

சில்லுக்கடை ஐயா சொன்னபடி மாமியின் சைக்கிளைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பதின்மூன்று வருடத்துச் சேறு. சோக்கட்டி இல்லாததால் தையல் கடையில் துணிக்குக் கோடு போடுகிற சோக்கால் தேய்த்தேன். ஒவ்வொரு இலக்கமாக வெள்ளையாக எழும்பி வந்தபோது எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது. படம் எடுத்துத் தம்பிக்கும் மாமிக்கும் அனுப்பினேன். மாமி "இதென்ன, லொத்தர் நம்பரோ?" என்று கேட்டு எழுதியிருக்கிறா. கடதாசியும் சீற் குழாய்க்குள் போய்விட்டது.

15,000 ரூபாச் சைக்கிளைப் பார்க்க மட்டும் போனேன். செயின் கவருக்குப் பின்னால் சிவப்பு, வெளியில் கறுப்பு. நம்பர் இருக்க வேண்டிய இடம் என் கைக் கண்ணாடி மாதிரி இருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருடைய பிள்ளை எந்த ஒழுங்கையில் நின்று அழுததோ.

சங்கிலி வாங்கினேன், 10 மில்லிமீற்றரேதான். 4,900 சொன்னார், 4,500க்குத் தந்தார். (பேரம் பேசினேன் ஐயா, நான் கள்ளி இல்லை.) அரத்தால் தேய்த்துப் பார்க்கக் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அரமும் அவரே எடுத்துத் தந்தார். வழுக்கியது. பாரம்தான் தாங்க முடியவில்லை. கூடையில் வைத்தால் ஹான்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, கழுத்தில் போட்டால் கோயில் யானை. கடைசியில் சங்கிலியை இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறேன், திறப்பு மட்டும் என்னோடு வருகிறது.

இடம் எங்கே என்றால், மூலைக்கடை ஆச்சியின் வளவு. மாங்குளத்தண்ணா எழுதியதை வாசித்துவிட்டுத்தான் போய்க் கேட்டேன். அவவின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொங்கிறீற் தூண் ஒன்று நிற்கிறது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மாதம் எவ்வளவு என்று கேட்டேன். காசு வேண்டாமாம். இரண்டு மாதத்துக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும், துணி அவ தருவா, கழுத்து இறக்கமாக வைக்கக் கூடாது. நாலு நாளுக்குள் எங்கள் கடைப் பிள்ளைகள் மூன்று பேரும் அங்கே மாறிவிட்டார்கள். ஆச்சிக்கு வருடத்துக்கு இருபத்துநாலு சட்டை. எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறா என்று தெரியாது.

பழைய சைக்கிள் கிடைக்கவில்லை. முறைப்பாட்டுத் துண்டு இருக்கிறது, ஒழுங்கையால் நாவல் நிறம் ஏதாவது போனால் கண் தானாகப் பின்னால் போகிறது.

கடைசியாக ஒன்று. ஐயாவின் திறப்பு வளையக் கதையை நான் அரைவாசிதான் நம்பினேன். நேற்று மத்தியானம், கைப்பைக்குள் கிடந்த பழைய லுமாலாத் திறப்பை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். இன்னும் அங்கே நாலு சைக்கிள் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. முதலாவதில் நுழையவே இல்லை. இரண்டாவதில் நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவதில் கொஞ்சம் அசைத்துக் கொடுத்தேன், டக்கென்று சத்தம் கேட்டது, வளையம் பின்னுக்குப் பாய்ந்துவிட்டது. திரும்பப் பூட்டிவிட்டுத் தையல் மெசினுக்கு ஓடி வந்துவிட்டேன், கை நடுங்கியது.

அது எங்கள் முதலாளியின் சைக்கிள். அவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவருடைய பூட்டுக்குள் நான் ஏன் திறப்பைப் போட்டேன் என்று கேட்டால் என்ன சொல்லுவது? யாராவது யோசனை சொல்லுங்கோ.